மாப்பிள்ளை பேசமாட்டார்

எங்கள் அறுவை அரங்கத்தை ஒட்டிய அறையில் ஒரு பொம்மை படுத்திருந்தது. இடுப்பிலிருந்து தொடை வரை மட்டும்தான் உடம்பு. தலை கிடையாது, கை கிடையாது. அதன் சிறுநீர்ப் பாதை வழியாக ஓர் உலோகக் குழாயைச் செலுத்தினால் எதிரே உள்ள திரையில் உள்பக்கம் தெரியும். சிவந்த சுவர், இரண்டு பக்கமும் பெருத்து வழியை அடைத்துக்கொண்டிருக்கும் புரோஸ்டேட் சுரப்பி, அதற்கு அப்பால் மூத்திரப்பை. காலடியில் இருக்கும் மிதியை அழுத்தினால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். குழாயின் நுனியில் உள்ள கம்பி வளையம் சுரப்பியின் சதையைச் சீவி எடுக்கும். எல்லாம் கணினி காட்டும் படம். கசியும் ரத்தமும் படம்தான்.

புதுத் துணி விரிப்பில், அறை நடுவில் அசையாமல் கிடந்து, எல்லோரும் தன்னைச் சுற்றி வந்து பணிவிடை செய்யும்படி இருந்ததால், தியேட்டர் சிஸ்டர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். பிறகு பெரிய டாக்டர்கூட அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார். "மாப்பிள்ளை ஃப்ரீயா இருக்காரா?"

தஞ்சாவூரில் அந்த மருத்துவமனையில் நான் சிறுநீரக அறுவை மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அம்மா நடவு ஆள். பஸ் போர்டு படிக்கத் தெரியாது. பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் பார்த்துத்தான் ஏறுவாள். அப்பா பட்டா, சிட்டா என்று எந்தத் தாளை யார் கொடுத்தாலும் மடித்து வைத்திருந்து நான் ஊருக்கு வந்ததும் நீட்டுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து, பெண்கள் அதிகம் எடுக்காத ஒரு படிப்பை எடுத்தவள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மறைத்ததில்லை.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. எங்கள் அத்தை ஒருமுறை கேட்டாள். "ஏண்டி, ஆம்பளைங்களுக்கு அங்கதான் வைத்தியம் பாக்குறியாமே? கண்ணு, காதுன்னு எதுவும் மிச்சமில்லையா ஒனக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "ஒம் புருசனுக்கு அடைச்சுக்கிட்டா அவகிட்டதான் ஓடி வரணும். பேசாம இரு."

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் பயந்துகொண்டிருந்தேன்.

ரத்தத்தைப் பார்த்துப் பயம் இல்லை. உயிருள்ள ஆளின் உள்ளே அந்தக் குழாயை நானே பிடிக்கப்போகும் நாளை நினைத்துத்தான் பயம். சுரப்பிக்குக் கீழே ஒரு சிறு மேடு இருக்கும். அந்த மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் சீவிவிட்டால், அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் மூத்திரம் அடங்காது. அதிக ஆழம் போனால் சுவர் கிழியும். வருகிறவர்கள் எல்லாம் எங்கள் அப்பா மாதிரி ஆட்கள். சம்பா அறுப்பு முடியும்வரை வலியைப் பொறுத்துக்கொண்டு, கதிர் களத்துக்கு வந்த பிறகுதான் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தை கடந்தால் எங்கள் வார்டு நிரம்பிவிடும். என் கை தவறினால் அந்தத் தவறு எங்கள் வீடு போன்ற ஒரு வீட்டில் போய்க் குடியிருக்கும்.

அதனால் மாப்பிள்ளை வந்தபோது எனக்கு வரம் கிடைத்த மாதிரி இருந்தது. என் ஆய்வேட்டுக்கும் அவரையே எடுத்துக்கொண்டேன். பயிற்சி இயந்திரத்தை வாங்கிவிட்டால் போதாது. அதை நம்பலாமா என்று சோதிக்க வேண்டும். அனுபவசாலிகளையும் புதியவர்களையும் ஒரே வேலையைச் செய்யச் சொல்லி, இயந்திரம் கொடுக்கும் மதிப்பெண் இருவரையும் சரியாகப் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்ப்போம். பத்திரமான கையையும் பத்திரமில்லாத கையையும் அது பிரித்துச் சொன்னால், அதில் தேறியவர்களை நோயாளியிடம் அனுப்பலாம். சொல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டுச் சாமான்.

எங்கள் துறையின் பெரிய டாக்டர் முதலில் உட்கார்ந்தார். நாங்கள் அவரை சார் என்போம். குழாயைக் கையில் எடுத்ததும் பொம்மைக்குத் தலை இருக்கவேண்டிய பக்கம் பார்த்து, "என்ன பெரியவரே, எந்த ஊரு? அறுப்பெல்லாம் ஆச்சா?" என்றார்.

அறை முழுக்கச் சிரிப்பு. இயந்திரத்தோடு கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர், "சார், மாப்பிள்ளை பேசமாட்டார் சார்" என்றான்.

"தெரியும்பா. ஸ்கோப்பப் பிடிச்சா வாய் தானா வந்துடுது. நீ ஒன் வேலையப் பாரு."

அப்புறமும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் சீவுவார், மிதியிலிருந்து காலை எடுப்பார், ஏதாவது கேட்பார், பதில் வராததால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி தொடங்குவார். மற்ற மூத்த மருத்துவர்களும் ஏறக்குறைய அப்படியே. இயந்திரம் அந்த நிறுத்தங்களை எல்லாம் 'வீண் நேரம்' என்று தனியாகக் கணக்கிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தது.

எனக்கு வீண் நேரமே இல்லை. வகுப்பு முடிந்ததும் போய் உட்கார்ந்து பழகினேன். திரை கலங்கினால் நீர் வரத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்துவேன், உடனே தெளிந்துவிடும். கை நிற்காது. எல்லோரையும்விட அதிக மதிப்பெண் எனக்குத்தான் வந்தது, சாரையும் சேர்த்து.

"எம் மானத்த வாங்கிட்டியே" என்றார் சார். கோபம் இல்லை. "சரி. மாப்பிள்ளைய வுடு. அடுத்த கேஸ் நீ பண்ணு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

நான் காத்திருந்த வார்த்தை அதுதான். பயந்ததும் அதற்குத்தான்.

நோயாளி திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். முதல் நாள் சாயங்காலம் வார்டில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாம்மா பண்ணப்போறீங்க? பொம்பளப் புள்ள..." என்று பெரியவர் இழுத்தார்.

"பெரிய டாக்டரும் கூட இருப்பாருங்க."

"எந்த ஊரு?"

"திருவையாறு பக்கம்."

"அதான பாத்தேன். ஆத்தங்கரைக்காரவங்க. தண்ணிய மொத ஆளா நீங்க குடிச்சுட்டு மிச்சத்தத்தான எங்க கடமடைக்கு விடுவீங்க?"

"மிச்சமும் விடமாட்டோங்க" என்றேன். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்க பக்கம் குறுவை உண்டாங்க?"

"குறுவையா! அத வுட்டு வருசக்கணக்காச்சு. தண்ணி வந்து சேர்றதுக்குள்ள பட்டம் போயிடும். ஒரே போகம் சம்பா. அதுவும் நேரடி வெதப்பு. நாத்தங்காலே கெடையாது எங்களுக்கு. நாத்துக்கட்டப் பாத்தே எத்தினியோ வருசம் ஆச்சு."

நான் கிளம்பும்போது அந்த அம்மா வார்டு வாசல்வரை வந்தார். "அவருக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"ஆகாதும்மா."

சொல்லிவிட்டேன். அன்று விடுதியில் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். இந்த அறுவையில் நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தோம். துணிக்கு அந்தப் பக்கம் அவர் தலையும், மயக்க மருந்து கொடுக்கும் மேடமும். இந்தப் பக்கம் நானும் சாரும் சிஸ்டரும். சார் குழாயை என் கையில் கொடுத்தார்.

உள்ளே போனதும் திரையில் அதே சிவந்த சுவர், அதே சிறு மேடு. எனக்குப் பழக்கமான இடம். மேட்டைக் குறி வைத்துக்கொண்டு சீவத் தொடங்கினேன். பீப். பீப். பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ரத்தம் கசிந்து திரை கலங்கியது. உள்ளே கழுவுவதற்காக ஒரு பையிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். "சிஸ்டர், பைய இன்னும் மேல ஏத்துங்க" என்றேன். ஏற்றினார். தெளிந்தது. மேலே போனேன். மறுபடி கலங்கியது. மறுபடி ஏற்றச் சொன்னேன்.

"நல்லாப் போவுது" என்றார் சார் மெதுவாக. அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே திரையில் இருந்தன. அரங்கத்தில் பீப் சத்தத்தையும் வாளியில் விழும் நீரையும் தவிர எதுவும் கேட்கவில்லை.

துணிக்கு அந்தப் பக்கம் பெரியவர் கொட்டாவி விட்டார். தோளை அசைத்தார். ஏதோ முணுமுணுத்தார்.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். சிரித்துக்கொண்டே சொன்னார். "நாத்துப் பறிக்கோணுமாம், ஆளு வந்தாச்சான்னு கேக்கறாருங்க. நல்ல மனுசன், இங்க படுத்துட்டும் வெவசாய நெனப்புதான்." பிறகு, "பிரஷர்தான் கொஞ்சம் ஏறுது" என்றார்.

நான் இன்னும் ஓர் இழுப்புச் சீவினேன். அதற்குள் அந்த வார்த்தை எனக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

நாற்று. சம்பா அறுப்பு முடிந்த மாசி மாதத்தில் யார் நாற்றுப் பறிப்பது? அதுவும் நாற்றங்காலே இல்லாத ஆள்.

மிதியிலிருந்து கால் தானாக எழுந்தது. "பெரியவரே, என்னங்க சொன்னீங்க?"

"குறுவைக்கு நாத்து... மொறத் தண்ணி வந்துட்டு..." நாக்கு தடித்த மாதிரி இருந்தது. "வெளக்கப் போடுங்களேன். ஏன் இருட்டா வச்சிருக்கீங்க?"

அரங்கத்தில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

இது என்ன என்று தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சீவும்போது திறந்துகொள்ளும் ரத்தக் குழாய்கள் வழியாகக் கழுவும் நீர் உடம்புக்குள் புகும். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மூளை வீங்கும். முதலில் பேச்சு குழம்பும், கண் மங்கும், பிறகு வலிப்பு வரும். அதன் பிறகு வருவதைப் புத்தகம் ஒரே வரியில் சொல்லியிருந்தது. பையை உயர்த்த உயர்த்த நீர் வேகமாகப் புகும். சார் நோயாளிகளோடு ஓயாமல் பேசுவது இதற்காகத்தான். ஊர்க்கதை அல்ல, காவல். அதுவும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சாருக்குக் குழாய் கையில் இருந்தால்தான் பேச்சு வரும். குழாயை என்னிடம் கொடுத்தார். பேச்சை யாரும் யாரிடமும் கொடுக்கவில்லை. நான் பழகியதோ தலை இல்லாத ஆளிடம்.

"சார், இவர் ஊர்ல நாத்தங்காலே கெடையாது."

சார் ஒரு கணம் விழித்தார். பிறகு அவருக்கும் விளங்கிவிட்டது. "தண்ணிய எறக்குங்க. எறக்குங்க சிஸ்டர்! ரத்தத்த அடைச்சுட்டு வெளிய வா. மேடம், சோடியம் டெஸ்டுக்கு ரத்தம் அனுப்புங்க."

கசிந்த இடங்களைத் தீய்த்து அடைத்துவிட்டு வெளியே வந்தேன். கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. பெரியவர் இப்போது யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிடுவதும் நின்றது. கூப்பிட்டதைவிட நின்றதுதான் பயங்கரமாக இருந்தது. சோதனைச் சாலையிலிருந்து வந்த எண்ணைப் பார்த்து மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். நீரை வெளியேற்ற மருந்தும், உப்பு அதிகம் கலந்த ஒரு சலைன் பாட்டிலும் ஏற்றினார்கள். அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூளையையே கெடுத்துவிடும். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

வெளியே அந்த அம்மா அதே கூடையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

"பாதியில நிறுத்திட்டோம்மா. உள்ள கழுவ விட்ட தண்ணி ரத்தத்துல கலந்துடுச்சு. பேச்சு தடுமாறுது. சரி பண்ணிக்கிட்டு இருக்கோம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நீதானம்மா ஒண்ணும் ஆவாதுன்ன?"

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கூடையை இடுக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கிடந்த கணவருடைய துண்டை எடுத்து மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். ஊரிலிருந்து என் அம்மாவின் போன் வந்தது. எடுக்கவில்லை. "எம் மவ" என்று அவள் தொடங்கும் விதத்தை அப்போது என்னால் கேட்டிருக்க முடியாது.

அன்று பகல் முழுதும் நான் பெரியவர் கட்டிலை விட்டு நகரவில்லை. வலிப்பு வந்துவிடுமோ என்று கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வை காற்றில் அசைந்தாலும் தூக்கிவாரிப் போட்டது. பேச்சுக் கொடுத்தேன். பதில் முனகலாகத்தான் வந்தது. மருந்து வேலை செய்து, கட்டிலில் தொங்கிய மூத்திரப் பை நிரம்பியது. உப்பு மெல்ல ஏறியது. வெயில் சாயும் நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

"பெரியவரே, வயல்ல அறுப்பு ஆச்சா?"

அவர் யோசித்தார். அந்த யோசனை எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்துல கொட்டிக் கெடக்கு" என்றார். "மழ கிழ வந்துடாம இருக்கணும்."

சரியான பதில். உள்ளே வந்திருந்த அவர் மனைவி, நான் ஏன் அழுகிறேன் என்று புரியாமல் பார்த்தார்.

நடந்ததை மறுநாள் காலை பெரியவரிடமே சொன்னேன். சாரும் உடனிருந்தார். நீர் உடம்புக்குள் ஏறியதையும், அது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"இத்தினி வருசத்துல எங்க கடமடைக்குத் தண்ணி சரியா வந்து சேர்ந்ததே இல்ல. இந்தம்மா கையாலதான் வந்திருக்கு. அதுவும் வயலுக்கு வராம எனக்குள்ள வந்திருக்கு!"

சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிச்ச வேலையைச் சில நாட்கள் கழித்து சார் முடித்தார். பெரியவர் நல்லபடியாக ஊருக்குப் போனார்.

நான் என் ஆய்வுக்குத் திரும்பினேன். என் மதிப்பெண்தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. மூத்தவர்கள் அனைவரும் கீழே இருந்தார்கள். அந்த முடிவுகளுக்கு ஒரே அர்த்தம்தான்: இயந்திரத்துக்குப் பத்திரமான கை எது என்று தெரியவில்லை. அது வீண் என்று கழித்த பேச்சு நேரத்தால்தான் ஓர் ஆள் பிழைத்தார்.

கம்பெனி இன்ஜினியர் தலையைச் சொறிந்தான். "மேடம், சாஃப்ட்வேர்ல பேச்செல்லாம் சேக்குறது பெரிய வேல. இப்போதைக்கு ஆவாது."

"சாஃப்ட்வேர் வேணாம். தலை இல்லாததுதான் கொறைன்னா, நான் படுத்துக்கறேன்."

முறைப்படி அனுமதி வாங்கிச் சோதனையை மாற்றினோம். மாப்பிள்ளையின் இடுப்புக்கு மேலே ஒரு மேசையைச் சேர்த்துப் போட்டு, நடுவில் பச்சைத் துணி கட்டி, துணிக்கு அந்தப் பக்கம் நான் மல்லாந்து படுத்தேன். யார் வந்து பேசினாலும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயியாகப் பதில் சொல்வேன். ஒரு கட்டத்தில் பதிலைப் பிசகாகச் சொல்வேன். மிதியிலிருந்து கால் எழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூத்தவர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள். சார் என் முதல் பிசகிலேயே, "என்னம்மா, அதுக்குள்ள குறுவைக்குப் போயிட்டே?" என்றார்.

பிறகு எனக்கு அடுத்த வருடத்தில் சேர்ந்த ஜூனியர் வந்து உட்கார்ந்தான். கெட்டிக்காரன், வேகமான கை. தொடங்கும்போது சம்பிரதாயத்துக்கு ஊரைக் கேட்டான். சொன்னேன். அதோடு சரி. பீப். பீப்.

அங்கே படுத்திருந்தபோதுதான் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. மேலே விளக்கு. மூக்குக்கு முன்னால் துணி. எங்கோ நீர் சொட்டுகிறது. என் உடம்பில் என்னவோ நடக்கிறது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

"நாத்துப் பறிக்க ஆளு வந்தாச்சா தம்பி?" என்றேன்.

பீப்.

"குறுவைக்கு நேரமாச்சே."

பீப். பீப்.

இது பொம்மைதான், தண்ணீரே என்மேல் படவில்லை, நான் எழுந்து போகலாம். எல்லாம் தெரிந்தும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "இருட்டா இருக்கு. வெளக்கப் போடுங்களேன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பீப்.

கடைசியில் இயந்திரம் முடிந்தது என்று ஒலி எழுப்பியது. அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவது கேட்டது. "அக்கா! ஒங்க மார்க்கத் தாண்டிட்டேன், வந்து பாருங்க. வீண் நேரமே இல்ல!"

"நான் செத்துட்டேன் தம்பி" என்றேன்.

சிரித்தான். சிரித்துக்கொண்டே வந்து துணியை விலக்கினான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான், மேசை விளிம்பைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தான். சிரிப்பு மெதுவாக நின்றது.

"எப்பலேருந்துக்கா?" என்று கேட்டான்.